நிலம் எடுக்க நோட்டீஸ் வந்தால்: ஆட்சேபணை முதல் கூடுதல் இழப்பீடு வரை முழுமையான வழிகாட்டி

நில எடுப்புப் பேச்சு ஓர் ஊருக்குள் வந்ததும் முதலில் பரவுவது "நான்கு மடங்கு தருவார்கள்" என்ற சேதிதான். எதற்கு நான்கு மடங்கு என்று எவரும் கேட்பதில்லை. ஏக்கர் 40 லட்சம் என்று ஊரில் விலை பேசப்படும் நிலத்துக்கு 1 கோடியே 60 லட்சம் வரும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவரின் கையில் கடைசியில் 35 லட்சத்துக்கு ஆணை வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் கொதிக்கிறார். பல சமயம் அந்தக் கணக்கு சட்டப்படி சரியாகவே இருக்கும். மடங்கு பெருக்கப்படுவது ஊர் சொல்லும் விலையின் மீது அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதப்பட்ட விலையின் மீது. பத்திர விலை உண்மை விலையில் கால் பங்குதான் என்றால், நான்கு மடங்கு கிடைத்தாலும் உங்கள் நிலத்தின் உண்மை விலைதான் கைக்கு வரும்.

ஆகவே, இழப்பீடு கூடுவதும் குறைவதும் ஆவணங்களில்தான். அந்த ஆவணங்களை எப்போது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதற்குக் கெடு உண்டு. தமிழ்நாட்டில் நிலம் இழப்பவர்களை மனதில் வைத்து, வரிசைப்படி என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

1. எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள்?

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது சர்வே எண் அல்ல, சட்டத்தின் பெயர். கெடு, விசாரணை, மேல்முறையீடு எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.

பொதுவான சட்டம், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டம். 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. இதில் முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்ற ஆய்வு, நடக்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரும், அரசு-தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதத்தினரும் முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு எல்லா எடுப்புக்கும் கிடைக்காது என்பதுதான் தமிழ்நாட்டில் பலர் அறியாதது. தொழிற்பேட்டைகளுக்கு 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டம் என்று மாநில அரசின் கையில் மூன்று சட்டங்கள் இருக்கின்றன. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. சில மாதங்களிலேயே அரசு புதுச் சட்டம் இயற்றி மூன்றுக்கும் மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இவற்றின் கீழ் எடுக்கும்போது சமூகத் தாக்க மதிப்பீடும் இல்லை, சம்மதமும் இல்லை. ஆனால் 2013 சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணையும் மறுவாழ்வு அட்டவணைகளும் பொருந்தும். தொழில் நோக்கச் சட்டத்தில் இன்னொரு கடுமை: எடுப்பு அறிவிக்கை அரசிதழில் வெளியானதுமே நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். பணம் பிறகுதான்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம். இதில் 3ஏ அறிவிக்கை என்பது எடுக்கும் எண்ணத்தைச் சொல்வது. 3டி அறிவிக்கை வெளியானதும் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். இழப்பீட்டை 2013 சட்டத்தின் அளவுகோலில்தான் கணக்கிட வேண்டும். ஆறுதல் தொகையும் (கட்டாயமாக எடுப்பதற்காக இழப்பீட்டோடு சேர்த்துத் தரும் தொகை) வட்டியும் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எரிவாயு, எண்ணெய்க் குழாய் பதிப்பது இவற்றில் சேராது. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுப்பார்கள். அதற்குச் சட்டம் சொல்லும் தொகை சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதோடு பயிர், மரச் சேதம். குழாய் போன பட்டையில் அதன்பின் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது என்பதை எண்ணிப் பார்த்தால், விவசாயிகள் ஏன் கோபப்படுகிறார்கள் என்பது விளங்கும்.

2. பதிவேட்டில் நீங்கள் யார்?

நோட்டீஸ் பட்டாவில் இருக்கும் பெயருக்கு வரும். தாத்தா பெயரில் பட்டா இருந்தால் தாத்தாவுக்கு வரும். எனவே எடுப்புப் பேச்சு காதில் விழுந்த உடனே பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், அடங்கல், புலப்படம், தாய்ப் பத்திரம், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவுகளில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். அவற்றைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டியிருக்கும். அதற்குப் பல மாதம் ஆகலாம்.

மூன்று விஷயங்களை மட்டும் விடாமல் பாருங்கள். ஒன்று, நிலத்தின் வகை. ஆழ்குழாய்க் கிணறு போட்டு இருபது வருடமாக இருபோகம் எடுக்கும் நிலம் பதிவேட்டில் இன்னும் மானாவாரிப் புஞ்சையாகவே இருக்கக்கூடும். அதற்கு ஒப்பீடாக மானாவாரி நிலத்தின் விலையைத்தான் எடுப்பார்கள். பதிவேட்டை மாற்ற முடியாவிட்டாலும் அடங்கலில் பாசனப் பயிர் ஏறியிருப்பதையும் மின் இணைப்பு ரசீதையும் சேர்த்து வைத்தால் வாதாட இடம் இருக்கும். இரண்டு, கூட்டுப் பட்டா. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெளிவாக இல்லாவிட்டால் அதிகாரி தொகையை உங்களிடம் தரமாட்டார். 2013 சட்டத்தில் இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்திலும் மற்றவற்றில் உரிய நீதிமன்றத்திலும் அது கட்டப்பட்டுவிடும். அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடக்க, பணம் அங்கேயே கிடக்கும். திருமணமாகிப் போன சகோதரிகளின் பங்கை மறைத்து வாரிசுச் சான்றிதழ் வாங்குவது இந்தச் சிக்கலை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். மூன்று, குத்தகைதாரர். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு இழப்பீட்டில் பங்கு கேட்கும் உரிமை உண்டு.

2013 சட்டத்தில் பிரிவு 11இன்படி முதல்கட்ட அறிவிக்கை வெளியான பிறகு ஆட்சியரின் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ வில்லங்கப்படுத்தவோ முடியாது. பாகப்பிரிவினை, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

3. ஆட்சேபணை மனு

2013 சட்டத்தில் பிரிவு 11 அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 60 நாள். தேசிய நெடுஞ்சாலையில் 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாள். மாநிலச் சட்டங்களில் நோட்டீசில் குறிப்பிட்டிருக்கும் கெடு. இங்கே "வெளியான நாள்" என்பதைக் கவனியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய நாள் அல்ல. 21 நாளில் பாதி, செய்தி ஊருக்கு வந்து சேர்வதிலேயே கரைந்துவிடும்.

"என் நிலத்தை எடுக்கக் கூடாது, இதுதான் என் வாழ்வாதாரம்" என்று மட்டும் எழுதிய மனுக்கள் ஒரே வரியில் நிராகரிக்கப்படுகின்றன. அதிகாரி பதில் எழுதியே தீர வேண்டிய காரணங்களை வையுங்கள்: அருகிலேயே அரசுப் புறம்போக்கோ தரிசோ இருக்கிறது, இன்ன சர்வே எண், நிலம் இருபோகப் பாசன நிலம், அதைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 10, திட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகப் பரப்பு கேட்கப்பட்டிருக்கிறது, சாலை வளைவைச் சற்று நகர்த்தினால் இத்தனை வீடு தப்பும், சர்வே எண் அல்லது பரப்பு தவறாக வெளியாகியிருக்கிறது. நேரில் விசாரிக்கக் கோருவதாக மனுவிலேயே எழுதுங்கள். நேரில் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். கூடவே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஊரே ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவது ஒற்றுமைக்கு நல்லது, சட்டத்துக்குப் போதாது. ஒவ்வொரு பட்டாதாரரும் தனி மனு கொடுக்க வேண்டும்.

எடுப்பே ரத்தாகிவிடும் என்ற நம்பிக்கையில் விலை ஆதாரம் சேர்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலையில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்றது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், பத்திர நகல்கள் ஒரு பக்கம் சேரட்டும். எடுப்பையே எதிர்க்க நினைப்பவர்கள் இழப்பீட்டு ஆணை வருவதற்கு முன்பே உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். ஆணை வந்த பிறகு தாமதமாக வரும் வழக்குகளை நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

4. அளக்க வரும் நாள்

தனி வட்டாட்சியரின் ஆட்களும் நில அளவையரும் வரும்போது விரட்டி அடிப்பது பல ஊர்களில் வழக்கம். எதிர்ப்பாக அதற்குப் பொருள் உண்டு. ஆனால் நீங்கள் இல்லாமலேயே கணக்கெடுப்பு முடிந்துவிட்டால், 62 தென்னை 40 தென்னையாகப் பதிவாகும். அதைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. "எடுப்பை எதிர்க்கிறேன், கணக்கெடுப்பில் பங்கேற்பது சம்மதம் ஆகாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு உடன் இருங்கள்.

கட்டடத்தைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் மதிப்பிடுவார். மரங்களுக்குத் தோட்டக்கலை, வனத் துறை. நின்ற பயிருக்கு வேளாண் துறை. தென்னை, மா போன்ற பலன் தரும் மரத்துக்கு வயதும் காய்ப்பும் பார்ப்பார்கள், தேக்குக்குச் சுற்றளவு. கிணற்றின் ஆழம், கட்டுமானம், ஆழ்குழாய்க் கிணற்றின் அடி, மோட்டாரின் குதிரைத்திறன், நிலத்தடிக் குழாய், சொட்டுநீர்ப் பாசனம், கம்பி வேலி, மாட்டுக் கொட்டகை, களம் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக மகஜரில் (இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கும் கணக்கெடுப்புப் பதிவு) ஏற வேண்டும். மண்ணுக்கு அடியில் இருப்பதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். நாளும் நேரமும் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். மகஜரில் குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே அந்தக் குறையை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நிலத்தின் ஒரு பகுதி மட்டும் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். நான்கு ஏக்கரில் சாலைக்கு 60 சென்ட் போகிறது, கிணறு அந்த 60 சென்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி நிலம் அன்றோடு வறண்டது. இப்படித் துண்டாவதால் வரும் சேதத்துக்கும், மீதி நிலத்துக்கு வழி அடைபடுவதற்கும், வீடு மாறும் செலவுக்கும் தனியாகத் தொகை கேட்க பிரிவு 28 இடம் தருகிறது. கேட்காவிட்டால் யாரும் தானாகச் சேர்க்க மாட்டார்கள். வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், முழு வீட்டையும் எடுத்துக்கொள் என்று கோரும் உரிமை பிரிவு 94இல் இருக்கிறது.

5. விலை: உண்மையான களம் இதுதான்

பிரிவு 26 சொல்வது இது. அரசின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அருகிலுள்ள ஊரில் அதே வகை நிலத்தின் சராசரி விற்பனை விலை இன்னொரு பக்கம். சம்மதம் தேவைப்படும் திட்டங்களில் ஒப்புக்கொண்ட தொகை மூன்றாவது. இவற்றில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. எந்த நாள் விலை? முதல்கட்ட அறிவிக்கை வெளியான நாளின் விலை. பணம் மூன்று ஆண்டு கழித்து வந்தாலும் விலை அன்றைய விலைதான்.

சராசரி எப்படி எடுப்பது என்பதில்தான் உங்களுக்குச் சாதகமான விதி ஒளிந்திருக்கிறது. அறிவிக்கைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனைப் பத்திரங்களை எடுக்க வேண்டும். அவற்றில் விலை அதிகமுள்ள பாதியை மட்டும் வைத்துச் சராசரி காண வேண்டும். எட்டுப் பத்திரங்கள் இருக்கின்றன, சென்ட் விலை முறையே 6,000, 6,500, 7,000, 7,000, 12,000, 14,000, 15,000, 19,000 என்று கொள்வோம். மொத்தச் சராசரி 10,800 சொச்சம். சட்டம் சொல்லும் சராசரி மேல் நான்கின் சராசரி, அதாவது 15,000. பழைய சட்டத்தின் காலத்தில் அலுவலகங்களில் "டேட்டா லேண்ட்" என்று ஒரே ஒரு பத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அதையே விலையாக வைப்பார்கள். அந்தப் பழக்கத்தின் சாயல் உங்கள் ஆணையில் தெரிந்தால் அதுவே வலுவான மேல்முறையீட்டுக் காரணம்.

அதிகாரிக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. உண்மையான சந்தை விலையைக் காட்டவில்லை என்று அவர் கருதும் பத்திரங்களை ஒதுக்கலாம். அதிக விலைப் பத்திரங்கள் "வீட்டுமனை" என்றும் "சிறு பரப்பு" என்றும் தள்ளப்படுவது இதன் பேரில்தான். மனை விலையை அப்படியே ஏக்கர் நிலத்துக்கு நீதிமன்றமும் தராது. சாலை, வடிகால் போன்ற மேம்பாட்டுச் செலவுக்கு ஒரு பங்கைக் கழிக்கும். எனவே உங்கள் கோப்பில் முதலில் இருக்க வேண்டியவை ஏக்கர் கணக்கில் நடந்த விவசாய நில விற்பனைகள். மனைப் பத்திரங்கள் பின்னால் துணைக்கு நிற்கட்டும்.

செய்ய வேண்டிய வேலை: உங்கள் ஊர், சுற்றியுள்ள ஊர்களின் சர்வே எண்களுக்குப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் பாருங்கள். மூன்று ஆண்டுக்குள் நடந்த கிரயங்களைப் பட்டியலிடுங்கள். உயர்ந்த விலைக்குப் போனவற்றின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். புலப்படத்தில் உங்கள் நிலத்தையும் அந்த நிலங்களையும் குறித்து, சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் ஒரு வரைபடம் போடுங்கள். ஊரில் பத்துப் பேர் செலவைப் பகிர்ந்துகொண்டால் இது பெரிய தொகை அல்ல.

பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க நாம் ஆண்டாண்டாகக் குறைத்து எழுதிய விலை இங்கே நம் தலையில் வந்து விடிகிறது. 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டபோது நிலம் வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். நிலம் எடுக்கப்பட இருந்தவர்களுக்கு அது நல்ல சேதி அல்ல. எடுப்பைத் தொடங்கும் முன் சந்தை மதிப்பை நடப்பு நிலவரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று சட்டம் ஆட்சியருக்குச் சொல்கிறது. அது நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

6. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்குவார்கள். நகரத்திலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு மாநில அரசு இதை நிர்ணயிக்கிறது. நகர்ப்புறத்துக்குக் காரணி 1. உங்கள் ஊராட்சி சமீபத்தில் நகராட்சியோடு இணைக்கப்பட்டிருந்தால் இந்த ஒரே காரணத்தால் தொகை சரியும்.

ஓர் ஏக்கருக்குச் சந்தை மதிப்பு 10 லட்சம், காரணி 1.5, கிணறும் மரங்களும் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் × 1.5 = 15 லட்சம். கிணறு, மரம் சேர்த்து 19 லட்சம். இதன் மீது 100 சதவீத ஆறுதல் தொகை, அதாவது இன்னொரு 19 லட்சம். ஆக 38 லட்சம். இதோடு சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் தொகை உண்டு. 2013 சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நாளிலிருந்து, ஆணை வரும் நாள் அல்லது நிலத்தை எடுக்கும் நாள், எது முந்தியதோ அதுவரை. ஒன்றரை ஆண்டு என்றால் 10 லட்சத்தின் மீது 1,80,000 ரூபாய். மொத்தம் 39,80,000 ரூபாய். இந்த 12 சதவீதத்தின் மீது ஆறுதல் தொகை சேராது.

கிணற்று மதிப்பில் 1 லட்சத்தை விட்டுவிட்டால் உங்களுக்கு இழப்பு 2 லட்சம் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும். மகஜர் நாளில் ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பதற்கு இதுவே விளக்கம்.

7. விசாரணையும் பேச்சுவார்த்தையும்

2013 சட்டத்தில் எடுப்பை உறுதி செய்யும் பிரிவு 19 அறிவிப்பு, பிரிவு 11 அறிவிக்கையிலிருந்து 12 மாதத்துக்குள் வர வேண்டும்; அதிலிருந்து இன்னும் 12 மாதத்துக்குள் இழப்பீட்டு ஆணை வர வேண்டும். இந்த ஆணையைத்தான் "அவார்டு" என்பார்கள். கெடுவை அரசு நீட்டிக்கலாம். நீட்டிக்காமல் தவறினால் எடுப்பு காலாவதியாகும். நெடுஞ்சாலையில் 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வர வேண்டும்.

இடையில் பிரிவு 21 நோட்டீஸ் வரும். நீங்கள் கேட்கும் தொகையையும் அதற்கான ஆதாரத்தையும் எழுத்தில் கொடுக்கும் நாள் அது. சேர்த்து வைத்த பத்திர நகல், வரைபடம், துண்டாகும் சேதம், மரப் பட்டியல் அனைத்தையும் பக்க எண் போட்டுக் கொடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பேச்சுவார்த்தை மூலம் கிரயமாகவே வாங்கிக்கொள்கிறோம் என்று அழைப்பு வரலாம். பணம் சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு விலை போதாது என்று மேல்முறையீடு செய்ய வழியில்லை. நீங்களே போட்ட கணக்கோடு அவர்கள் சொல்லும் தொகையை ஒப்பிட்டு, மறுவாழ்வுப் பலன்களும் வரி விலக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள். ஆதாரம் பலவீனமாக உள்ளவருக்குப் பேச்சுவார்த்தை லாபம். நல்ல பத்திரங்கள் கையில் இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

8. மறுவாழ்வுப் பலன்கள்

நிலத்தின் விலையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் அதிகம். 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தனி உரிமை. வீடு இழந்தால் வீடு. வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய் (விலைவாசிக்கு ஏற்ப உயரும்) என்ற மூன்றில் ஒன்று. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் பிழைப்புப் படி, போக்குவரத்துக்கு 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000. மாட்டுக் கொட்டகை, பெட்டிக்கடை இழந்தால் குறைந்தது 25,000. நீர்ப்பாசனத் திட்டத்துக்காக நிலம் இழந்தால் நிலத்துக்கு நிலம். தொகைகள் 2013இல் எழுதப்பட்டவை. இன்றைய விலைவாசியில் 3,000 ரூபாய் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

யார் "குடும்பம்" என்பதில் ஒரு நல்ல விதி உண்டு. வயது வந்த மகனோ மகளோ, மணமானாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பமாகக் கணக்கிடப்பட வேண்டும். கைம்பெண்களும் குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண்களும் அவ்வாறே. சர்வே எடுக்க வருபவர் ரேஷன் கார்டு ஒன்றுக்குக் குடும்பம் ஒன்று என்று எழுதினால் அங்கேயே மறுக்க வேண்டும். நிலமே இல்லாத கூலித் தொழிலாளிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்கள் மூன்று ஆண்டாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால் அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். நிலம் உள்ளவர்கள் சங்கம் அமைக்கும்போது இவர்களை மறந்துவிடுவது வழக்கமாகிப்போன அநீதி.

9. காசோலை வாங்கும் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். தொகை போதாது என்று கருதினால், பணத்தை மறுக்க வேண்டாம். "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று ரசீதில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆட்சேபணை தெரிவிக்காமல் வாங்கியவருக்குக் கூடுதல் தொகை கேட்கும் உரிமை இல்லை என்று பிரிவு 77 சொல்கிறது. அச்சடித்த படிவத்தில் எழுத இடம் இல்லை என்றால் அதே நாளில் தனிக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவதாக இருந்தால், வருவதற்கு முன்பே கடிதம் போக வேண்டும்.

2013 சட்டத்தில் ஆணை வந்து மூன்று மாதத்துக்குள் இழப்பீடும், ஆறு மாதத்துக்குள் மறுவாழ்வுத் தொகைகளும் கொடுத்த பிறகே நிலத்தை எடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து எடுப்பார்கள்.

10. கூடுதல் இழப்பீடு கேட்பது

2013 சட்டத்தில் பிரிவு 64 மனு. ஆணை வழங்கிய நாளில் நீங்களோ உங்கள் பிரதிநிதியோ இருந்திருந்தால் அன்றிலிருந்து ஆறு வாரம். இல்லையென்றால் நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம், அல்லது ஆணை வந்து ஆறு மாதம், எது முந்தியதோ அது. ஆட்சியரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை ஓராண்டு வரை பொறுக்கலாம், ஆனால் அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். ஆணையம் தொகையைக் கூட்டினால், கூடிய தொகைக்கு நிலத்தை எடுத்த நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவீதமும் அதன்பின் 15 சதவீதமும் வட்டி உண்டு. அதிலும் நிறைவில்லை என்றால் 60 நாளில் உயர் நீதிமன்றம்.

தேசிய நெடுஞ்சாலையில் வழி வேறு. மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர். தொகையைக் கூட்டுவதற்கான உண்மையான இடம் இந்த நடுவர் மன்றம்தான். அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மூன்று மாதத்துக்குள் போகலாம் என்றாலும், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் உண்டே தவிர, தானே விலையைக் கூட்டித் தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2025இல் அரசியல் சாசன அமர்வு சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்று சற்றே தளர்த்தியது. எனவே முழு ஆதாரத்தையும் நடுவர் முன்பே வைத்துவிடுங்கள்.

விலை நிர்ணயக் கோப்பு, எடுத்துக்கொண்ட பத்திரங்களின் பட்டியல், ஒதுக்கியவற்றுக்கான காரணம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதால் ஆணை வந்த மறுநாளே மனுப் போட்டால்தான் ஆறு வாரத்துக்குள் கைக்கு வரும்.

வழக்கறிஞரிடம் கட்டணத்தை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூடும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்குப் புறம்பானது. "மேலே ஆள் தெரியும்" என்று வரும் தரகர்களுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். அவர்கள் சொல்லும் கூடுதல் தொகை பல நேரம் சட்டப்படி உங்களுக்கு எப்படியும் வரவேண்டியதுதான்.

2013 சட்டத்தில் பிரிவு 64 கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வாசல் மிச்சமிருக்கிறது. அதே அறிவிக்கையில் நிலம் இழந்த பக்கத்து நிலத்துக்காரர் ஆணையத்தில் வென்று தொகை கூடினால், அந்த உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் தனக்கும் அதே விலை கேட்டு ஆட்சியரிடம் பிரிவு 73 மனு கொடுக்கலாம். ஊரில் யார் யார் வழக்கில் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

11. பணம் வந்த பிறகு

2013 சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்கிறது பிரிவு 96. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016இல் சுற்றறிக்கை மூலம் இதை உறுதி செய்தது. வட்டியாக வரும் தொகையின் வரி நிலை வேறு. அதை ஆடிட்டரிடம் கேளுங்கள். தெரியாமல் வரி பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

எடுத்த நிலம் ஐந்து ஆண்டு பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அது பழைய உரிமையாளருக்கோ அவர் வாரிசுக்கோ, அல்லது அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்று பிரிவு 101 சொல்கிறது. "அல்லது" என்ற அந்த ஒரு சொல்லில் அரசுக்கு வசதியான இடம் இருக்கிறது என்பது வேறு விஷயம். மேம்பாடு எதுவும் செய்யாமல் அந்த நிலத்தை அதிக விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்றினால், உயர்ந்த மதிப்பில் 40 சதவீதம் நிலம் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டும் என்கிறது பிரிவு 102. ஐந்து ஆண்டுக்குள் நடக்கும் கைமாற்றத்துக்குத்தான் இது. எனவே நிலம் போன பிறகும் அந்த சர்வே எண்ணின் வில்லங்க விவரத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள். அவார்டு நகலையும் பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள்.